அன்பு மட்டும் போதுமா? ஆஸ்பத்திரியில் உங்கள் பக்கம் நிற்பவர் படிக்க வேண்டிய பாடம்

ஆஸ்பத்திரிக்குப் போகிறீர்கள். உங்களிடம் முதலில் பேசுகிறவர் யார்? டாக்டர் என்று சொன்னால், நீங்கள் ஆஸ்பத்திரிப் பக்கம் போய் ரொம்ப நாளாகிவிட்டது என்று அர்த்தம்! வாசலில் செக்யூரிட்டி. அப்புறம் ஓ.பி. சீட்டு எழுதுகிறவர். அப்புறம் டோக்கன். இன்ஷூரன்ஸ் அட்டை வைத்திருந்தால் அதற்கு ஒரு கவுன்ட்டர். கொஞ்சம் பெரிய ஆஸ்பத்திரியாக இருந்தால் புடவை கட்டிய ஒரு பெண்மணி, "சொல்லுங்க, என்ன உதவி வேணும்?" என்பார். பி.ஆர்.ஓ. என்பார்கள், கவுன்சிலர் என்பார்கள், பேஷன்ட் கேர் என்று சட்டையில் பட்டை குத்தியிருப்பார்கள்.

டாக்டர் உங்களோடு இருக்கும் நேரம் கொஞ்சம்தான். 67 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் ஒரு கட்டுரை வந்தது. அதன்படி இந்தியாவில் சாதாரண நோய்க்குப் பார்க்கும் டாக்டர் ஒரு நோயாளிக்குக் கொடுக்கும் நேரம் ஏறக்குறைய 2 நிமிடம். மிச்சமுள்ள மூன்று மணி நேரமோ, மூன்று நாளோ நீங்கள் மற்றவர்கள் கையில்தான் இருக்கிறீர்கள். அந்த மற்றவர்களை ஒழுங்குபடுத்தி, உங்களுக்கு நேர்வதையெல்லாம் கவனிக்க ஒருவர் வேண்டும். அவரை இந்தக் கட்டுரையில் 'நோயாளர் நலப் பொறுப்பாளர்' என்று வைத்துக்கொள்வோம்.

டாக்டர் என்ன படித்தார் என்று போர்டில் எழுதியிருக்கிறது. நர்ஸுக்குக் கவுன்சில் பதிவு உண்டு. இந்தப் பொறுப்பாளர் என்ன படித்தவர்? யாரும் கேட்பதில்லை. "நல்ல பொண்ணு, சிரிச்ச முகம், அன்பாப் பேசும்" என்று வேலைக்கு எடுத்துவிடுகிறார்கள். இந்த வாரப் பாடம் அதைப் பற்றித்தான்.

நாலில் ஒன்று

திருக்குறளில் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் இருப்பது உங்களுக்குத் தெரியும். அதன் கடைசிக் குறள் மருத்துவத்துக்கு நான்கு அங்கம் சொல்கிறது. நோயாளி, வைத்தியர், மருந்து, நான்காவதாக உழைச்செல்வான். அதாவது நோயாளியின் பக்கத்தில் நின்று ஆக வேண்டியதைச் செய்கிறவர். வைத்தியருக்குச் சமமாக, மருந்துக்குச் சமமாக அவரையும் ஓர் அங்கமாகவே வைத்துவிட்டார் வள்ளுவர்.

உரை எழுதிய பரிமேலழகர் இன்னும் ஒரு படி போகிறார். அந்த உழைச்செல்வானுக்கு நான்கு தகுதி சொல்கிறார். நோயாளியிடம் அன்பு, மனம் சொல் உடம்பு மூன்றிலும் தூய்மை, சொன்னதைச் செய்து முடிக்கும் திறமை, அறிவு. கவனித்தீர்களா? அன்பு நாலில் ஒன்று! மீதி மூன்றும் பழகி வருவது, படித்து வருவது. நம் ஆஸ்பத்திரிகளில் நாலில் ஒன்றைப் பார்த்து ஆள் எடுத்துவிட்டு, மூன்றை மறந்துவிட்டோம்.

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் எங்களுக்கு எண்வகைத் தேர்வு சொல்லிக் கொடுப்பார்கள். நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். இதில் 'மொழி' என்பது நோயாளியின் குரலும் பேச்சும். நாடி பார்ப்பதை ஆறு மாதம் பழகிய மாணவன்கூட, நோயாளி பேசுவதை முழுசாகக் கேட்கப் பழகுவதில்லை. இது எங்கள் முறைக்கு மட்டும் உள்ள குறையுமல்ல. அமெரிக்காவில் 1984-ல் 74 ஓ.பி. சந்திப்புகளைப் பதிவு செய்து பார்த்தார்கள். நோயாளி வாயைத் திறந்து சராசரியாக 18 வினாடிக்குள் டாக்டர் குறுக்கே பேசிவிட்டாராம்!

அங்கே என்ன செய்தார்கள்?

மேல்நாட்டில் இதை ஒரு தொழிலாகவே ஆக்கிவிட்டார்கள். அமெரிக்காவின் க்ளீவ்லண்ட் கிளினிக் 2007-ல் நோயாளி அனுபவத்துக்கென்றே ஒரு தலைமை அதிகாரியை நியமித்தது. 2008 முதல் அந்த நாட்டு ஆஸ்பத்திரிகளைப் பற்றி நோயாளிகள் சொல்லும் கருத்தை அரசாங்கமே வெளியிடுகிறது. 2012 அக்டோபரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அரசு தரும் பணத்தில் ஒரு பங்கு அந்த மார்க்கைப் பொறுத்தது. காசு என்றதும் எல்லோரும் விழித்துக்கொண்டார்கள்!

2015-ல் இந்த வேலைக்கென்றே ஒரு சான்றிதழ் பரீட்சை வந்தது. அதன் பாடத்தை நாலு பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள். நோயாளியோடு கூட்டாக நின்று அவருக்காகப் பேசுவது ஒன்று. அவர் அனுபவத்தை அளந்து பார்ப்பது ஒன்று. பழைய நடைமுறையை மாற்றி அமைப்பது ஒன்று. ஆஸ்பத்திரியின் பழக்கவழக்கத்தையே திருத்தும் தலைமை ஒன்று.

நல்ல பிரிவுதான். ஆனால் அந்தப் பாடத்தை அப்படியே இறக்குமதி செய்து ராசிபுரத்திலோ ஆத்தூரிலோ வைத்தால் ஒட்டாது. ஒட்ட வேண்டிய அவசியமும் இல்லை. ஏன் என்றால், நம்ம நாமக்கல்லில் இந்தப் பாடத்தை ஏற்கெனவே நடத்திப் பார்த்துவிட்டார்கள். பெரிய விலை கொடுத்துத்தான் கற்றுக்கொண்டோம்.

நாமக்கல் படித்த பாடம்

இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986-ல், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும், அவரிடம் படித்த செல்லப்பன் நிர்மலாவும் செய்த வேலை அது. 1990-களில் நாமக்கல் பக்கம் அந்தப் பேச்சு வந்தபோது எங்கும் பயம். லாரித் தொழிலும், திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகளும் நம் ஆட்களை மாதக்கணக்கில் வெளி மாநிலங்களுக்குக் கொண்டுபோயின. பின்னால் அரசு போட்ட அதிகப் பாதிப்புள்ள மாவட்டங்களின் பட்டியலில் நாமக்கல்லும் இருந்தது. 1997 ஜனவரி 1-ல்தான் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. பிறந்த கையோடு இந்தப் பாரம்!

அந்த நாளில் ஆஸ்பத்திரிகளில் என்ன நடந்தது என்று நடுவயது தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். கேட்காமலே ரத்தம் எடுப்பார்கள். முடிவை வராந்தாவில் நின்றபடி சொல்வார்கள். சில இடத்தில் நோயாளிக்கு முன்னால் மாமனாருக்குத் தெரியும், அதற்கும் முன்னால் டீக்கடைக்குத் தெரியும். பிரசவத்துக்கு வந்தவளை "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ" என்று தள்ளிவிட்ட இடங்களும் உண்டு. அங்கெல்லாம் அன்பில்லாதவர்கள் மட்டும் வேலை பார்த்தார்கள் என்று நான் நம்பவில்லை. என்ன சொல்வது, எப்படிச் சொல்வது, யாரிடம் சொல்லக் கூடாது என்று யாருக்கும் பாடம் இல்லை. அதுதான் விஷயம்.

நாமக்கல் பக்கத்துப் பெண்ணான பெ.கௌசல்யா 1995-ல் கல்யாணமான கொஞ்ச நாளிலேயே தமக்கு எச்.ஐ.வி. இருப்பதை அறிந்தவர். ஒளிந்துகொள்ளாமல் வெளியே வந்து பேசினார். 1998-ல் இன்னும் சில பெண்களோடு சேர்ந்து, எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கென்றே ஓர் அமைப்பைச் சென்னையில் தொடங்கினார். பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் என்று பெயர். நோயாளியே பாடம் எடுக்க வந்துவிட்டார் என்று சொல்லலாம். எந்தப் பாடத்திட்டக் கமிட்டியிலும் அப்படி ஒரு நாற்காலி போட வேண்டும் என்பது என் கட்சி.

இந்தப் பக்கம் அரசாங்கமும் விழித்தது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம், மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் எல்லாம் வந்தன. அரசு ஆஸ்பத்திரிகளில் ஆலோசனையும் பரிசோதனையும் சேர்ந்த மையங்கள் திறந்தார்கள். தமிழ்நாட்டில் அதற்கு 'நம்பிக்கை மையம்' என்று பெயர். 2004 ஏப்ரல் 1 முதல் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து இலவசமாகத் தொடங்கியது. பிறகு நாமக்கல்லிலும் அதற்கு மையம் வந்தது.

நம்பிக்கை மையத்தில் உட்கார்ந்திருக்கும் ஆலோசகரைக் கவனியுங்கள். டாக்டரும் அல்ல, நர்ஸும் அல்ல. சமூகப் பணி, உளவியல் மாதிரிப் படிப்பு படித்தவர். வேலையில் சேர்ந்ததும் பயிற்சி, அப்புறம் மறுபயிற்சி. பேச்சு வெளியே கேட்காத தனி அறை. எழுதி வைக்கப் பதிவேடு. எதை எந்த வரிசையில் சொல்வது என்பதற்கு எழுத்தில் நெறிமுறை. நம் சேலம், நாமக்கல் சமவெளியில் படிப்பும் பயிற்சியும் நெறிமுறையும் சேர்த்து வகுத்த நோயாளர் நலப் பொறுப்பாளர் என்றால் நான் அவரைத்தான் முன்னால் நிறுத்துவேன்.

அந்த அறைக்குள்ளே...

ஓர் உதாரணம். பெயரெல்லாம் வேண்டாம். லாரி டிரைவரின் மனைவி, முதல் பிரசவம், நாலாம் மாதம். ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருக்கிறது.

"வாங்கக்கா, உக்காருங்க. கதவச் சாத்திக்கட்டுங்களா?"

"ஏனுங்க மேடம், கெட்ட சேதியுங்களா?"

"பரிசோதனைக்கு முன்னால நாம பேசினது ஞாபகம் இருக்குதுங்களா அக்கா? ரெண்டு விதமா முடிவு வரலாம்னு சொன்னேனே..."

சேதியைச் சொன்ன பிறகு ஆலோசகர் கொஞ்ச நேரம் எதுவும் பேசுவதில்லை. இது வேலையின் பகுதி. அந்த நேரத்தில் கொட்டுகிற எந்த அறிவுரையும் காதில் ஏறாது. டாக்டர்கள் சொல்வதில் 40 முதல் 80 சதவீதத்தை நோயாளிகள் உடனே மறந்துவிடுகிறார்கள் என்று 2003-ல் வந்த ஒரு மருத்துவக் கட்டுரை சொல்கிறது. அதிர்ச்சியில் இருக்கிறவருக்குக் கேட்க வேண்டுமா!

"எங்கூட்டுக்காரருகிட்டச் சொல்லிப் போடாதீங்க மேடம். எங்க அத்தைக்குத் தெரிஞ்சா என்னையத் தொரத்திப் போடுவாங்க."

இங்கே நிறுத்தி யோசியுங்கள். அன்பு மட்டும் உள்ள ஒருவர் என்ன செய்வார்? "பாவம், பெரியவங்க பக்குவமாப் பாத்துக்குவாங்க" என்று மாமியாரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவார்! நல்ல எண்ணம்தான். அந்தப் பெண்ணின் வாழ்க்கை அன்றோடு முடிந்துபோகலாம்.

படித்தவருக்குச் சட்டம் தெரியும். 2017-ம் ஆண்டின் எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. நோயாளியின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்பது பொது விதி. துணைவருக்குச் சொல்வதற்கு ஒரு விலக்கு உண்டு. அப்போதும் டாக்டரோ ஆலோசகரோதான் சொல்லலாம். அதற்கு முன்னால், நோயாளியே சொல்லும்படி அவரிடம் பேசியிருக்க வேண்டும். அவர் சொல்ல மாட்டார் என்பது தெளிவாக வேண்டும். சொல்லப் போவதை அவருக்குத் தெரிவித்திருக்க வேண்டும். சொன்னால் அந்தப் பெண் அடிபடுவாள், விரட்டப்படுவாள் என்ற ஆபத்து இருந்தால் அதற்கும் சட்டத்தில் காப்பு இருக்கிறது. டாக்டருக்குப் பக்கத்தில் ஆலோசகர் என்ற பெயரையும் சட்டமே எழுதி வைத்திருக்கிறது, பாருங்கள்!

அப்புறம் மருத்துவ அறிவு. ஒரு பரிசோதனையோடு முடிவு சொல்லிவிட முடியாது. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு வெவ்வேறு வகையில் மூன்று பரிசோதனை செய்த பிறகுதான் உறுதி செய்வார்கள். சிகிச்சை எதுவும் இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்ற 15 முதல் 45 சதவீதம் வாய்ப்பு. தாய்க்கு மாத்திரை, பிறந்த குழந்தைக்கு மருந்து என்று ஒழுங்காக நடந்தால் அது 5 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். தினசரி மாத்திரையால் ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவு வழியாக மற்றவருக்குத் தொற்றுவதில்லை. இந்த மூன்று வரியை அந்தப் பெண்ணுக்குப் புரிகிற வார்த்தையில் சொல்லத் தெரிந்தால், ஒரு குழந்தை கிருமியில்லாமல் பிறக்கும். சொல்லத் தெரியாவிட்டால் அந்தப் பெண் அடுத்த மாதம் வர மாட்டாள். வித்தியாசம் அவ்வளவுதான்.

"இப்ப நான் சொன்னத நீங்க ஒருக்கா சொல்லுங்க அக்கா. நான் சரியாச் சொன்னனான்னு பாத்துக்கறேன்."

இது அழகான வித்தை. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் நம் ஜனங்கள் "புரிஞ்சுதுங்க" என்றுதான் சொல்வார்கள். திருப்பிச் சொல்லச் சொன்னால்தான் எது போய்ச் சேர்ந்தது என்று தெரியும். அதுவும் 'உனக்குப் புரிந்ததா' என்று பரீட்சை வைக்காமல், 'நான் சரியாகச் சொன்னேனா' என்று பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறார் பாருங்கள்!

உலக சுகாதார நிறுவனம் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு ஐந்து கட்டாயங்களைச் சொல்கிறது. சம்மதம், ரகசியம், ஆலோசனை, சரியான முடிவு, சிகிச்சையோடு இணைப்பு. நான் கேட்பது இதுதான். இந்த ஐந்தும் எச்.ஐ.வி.க்கு மட்டும்தானா? மார்பில் கட்டி என்று வந்தவளுக்கு வேண்டாமா? கிட்னி போய்விட்டது, இனி டயாலிசிஸ் என்று கேட்கப்போகிற கைத்தறிக்காரருக்கு? கால் விரலை எடுக்க வேண்டும் என்று சொல்லப்பட்ட சர்க்கரை நோயாளிக்கு?

மீதிப் பாடங்கள்

சம்மதம் என்றால் காகிதத்தில் கையெழுத்து என்று நினைக்கிறோம். அட்மிஷன் போடும்போதே நாலு இடத்தில் ரேகை வாங்கிவிடுகிறார்கள். 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் ஆபரேஷனுக்கு ஆகாது. என்ன செய்யப் போகிறோம், வேறு வழி உண்டா, என்ன ஆபத்து, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் தெரிந்து கொடுத்தால்தான் சம்மதம். உயிருக்கு ஆபத்தான அவசரம் தனி. பொறுப்பாளருக்கு இந்தத் தீர்ப்பின் சாரம் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

அடுத்தது அளந்து பார்க்கிற கலை. டிஸ்சார்ஜ் ஆகும்போது, பில் கையில் இருக்கும்போது, "எங்க சர்வீஸ் திருப்தியா?" என்று கேட்டால் கொங்கு நாட்டுக்காரர் என்ன சொல்வார்? "பரவால்லீங்க!" ராத்திரி முழுக்க வலியில் துடித்தவரும் அதைத்தான் சொல்வார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு 98 சதவீதம் திருப்தி என்று போர்டு எழுதலாம், வேறு ஒன்றும் செய்ய முடியாது. "ராத்திரி வலி வந்தப்ப யாரக் கூப்பிட்டீங்க? அவங்க வர எத்தன நேரமாச்சு? மாத்திரை எதுக்குன்னு யாராச்சும் சொன்னாங்களா?" என்று கேட்க வேண்டும். நடந்ததைக் கேட்டால் மரியாதை குறுக்கே வராது. அமெரிக்கக் கேள்வித்தாளும் இப்படித்தான், ஒவ்வொன்றும் எத்தனை தடவை நடந்தது என்றே பெரும்பாலும் கேட்கிறது.

மொழியையும் மறந்துவிடக் கூடாது. கோழிப்பண்ணையிலும் ஸ்பின்னிங் மில்லிலும் விசைத்தறியிலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் ஆட்கள் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு வயிற்று வலி வந்தால் ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பவர் யார்? கூட வந்த மேஸ்திரி! தொழிலாளி சொல்ல நினைப்பதும் மேஸ்திரி சொல்வதும் ஒன்றாக இருக்குமா? நாலு இந்தி வாக்கியம் தெரிந்த பொறுப்பாளர் இந்தச் சமவெளியில் ஆடம்பரம் இல்லை.

இன்னொரு பாடம் என் தொழிலைத் தொட்டது. அதைச் சொல்லாமல் விட முடியாது. அலோபதி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் நாட்டு மருந்து சாப்பிடுவதைச் சொல்வதில்லை, திட்டுவார்களோ என்று பயம். என்னிடம் வருகிறவர்கள் இங்கிலீஷ் மாத்திரையை மறைக்கிறார்கள், கோபித்துக்கொள்வேனோ என்று பயம்! நடுவில் உடம்பு மாட்டிக்கொள்கிறது. இப்போது எச்.ஐ.வி.க்குத் தரும் தினசரி மாத்திரையில் டோலுடெக்ராவிர் என்று ஒரு மருந்து இருக்கிறது. வெறும் வயிற்றில் அதோடு இரும்பு, கால்சியம் மாத்திரையைச் சேர்த்து விழுங்கினால் உடம்பு அதைச் சரியாக ஏற்றுக்கொள்ளாது. ஒன்று எல்லாவற்றையும் உணவோடு சாப்பிட வேண்டும், அல்லது இடைவெளி விட வேண்டும். கர்ப்பிணிக்கு இரும்புச் சத்து மாத்திரை எப்படியும் கொடுப்பார்கள். எங்கள் அயச்செந்தூரம் என்ன? இரும்பு. சங்கு பற்பம்? கால்சியம். அதே எச்சரிக்கை இவற்றுக்கும் வேண்டும் என்பது என் கருத்து. "வேற வைத்தியம் ஏதாச்சும் பாக்கறீங்களா?" என்று முகம் சுளிக்காமல் கேட்கத் தெரிந்தவர் அந்த நாற்காலியில் இருந்தால்தான் இது வெளியே வரும். ஏ.ஆர்.டி.யை நிறுத்திவிட்டு என்னிடம் மட்டும் மருந்து சாப்பிடு என்று எந்தச் சித்த வைத்தியர் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். எய்ட்ஸைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே சட்டப்படி குற்றம்.

கட்டிடத்துக்கு மார்க் உண்டு, ஆளுக்கு?

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ஆஸ்பத்திரிகளுக்குத் தரச்சான்று வழங்கும் என்.ஏ.பி.எச். அமைப்பு 2005-ல் வந்தது. அதன் தர விதிகளில் 'நோயாளியின் உரிமையும் அறிவூட்டலும்' என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரிகளுக்கான தேசியத் தர உறுதி விதிகள் 2013-ல் வந்தன. அதில் எட்டுப் பகுதி. இரண்டாவது பகுதி நோயாளி உரிமை. 2018-ல் தேசிய மனித உரிமை ஆணையம் நோயாளர் உரிமைப் பட்டியல் ஒன்றைத் தயாரித்தது. பிரசவத்தின்போது கூட ஒரு பெண் துணை இருக்கலாம் என்ற ஏற்பாட்டைத் தமிழ்நாடு அரசு ஆஸ்பத்திரிகளில் 2004-லேயே கொண்டுவந்தார்கள். இதெல்லாம் பெருமைதான்.

ஆனால் இவையெல்லாம் ஆஸ்பத்திரிக்கு வைத்த பரீட்சை. ஆய்வுக்கு ஆள் வருகிற வாரத்தில் உரிமைப் பலகை சுவரில் ஏறும். பலகையில் எழுதியிருப்பதை நடத்திக்காட்ட வேண்டிய ஆளுக்கு என்ன தகுதி? 2021-ல் துணை மருத்துவத் தொழில்களுக்கென்று நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. அதன் அட்டவணையில் மருத்துவச் சமூகப் பணியாளர் இருக்கிறார், எச்.ஐ.வி. ஆலோசகர் இருக்கிறார். பி.ஆர்.ஓ. என்ற பெயர் இல்லை. அதாவது உங்கள் ஊர் நர்ஸிங் ஹோமில் உங்கள் குறையைக் கேட்கும் அந்தப் பெண்ணுக்கு இன்ன படிப்பு, இன்ன பயிற்சி என்று எந்த விதியும் இல்லை. நேற்று வரை செல்போன் கடையில் இருந்தவரை இன்று ஐ.சி.யு. வாசலில் நிறுத்தலாம். அவர் மேல் தப்பில்லை, பாவம். மரணச் செய்தியைச் சொல்ல யார் அவருக்குக் கற்றுக் கொடுத்தார்கள்?

முடியாத காரியமும் இல்லை. மதுரையில் டாக்டர் ஜி.வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இன்று சேலத்திலும் இருக்கிறது. அங்கே கிராமத்துப் பெண்களை எடுத்து இரண்டு வருஷம் பயிற்சி கொடுக்கிறார்கள். அந்தப் பயிற்சியில் ஆலோசகர் வேலையும் ஒரு பிரிவு. கண்புரை ஆபரேஷன் என்றால் என்ன, எந்த லென்ஸுக்கு என்ன செலவு, எத்தனை நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதையெல்லாம் டாக்டரைவிட நிதானமாக அவர்கள் சொல்கிறார்கள். ப்ளஸ் டூ முடித்த பெண்ணால் முடிகிறது, பாடம் இருப்பதால்!

நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12-ல் திறக்கப்பட்டது. சேலத்தில் 1986-லிருந்தே மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நம்பிக்கை மையத்தில் பல வருஷம் உட்கார்ந்த ஆலோசகர்கள் இதே மாவட்டங்களில் இருக்கிறார்கள். இந்தக் கல்லூரிகளில் ஆறு மாதப் பயிற்சி ஒன்று வைத்து, அந்த ஆலோசகர்களையே ஆசிரியராகப் போட்டு, வாரம் ஒருநாள் நோயாளிகளையும் வகுப்பெடுக்கச் சொன்னால் என்ன? சட்டம், சம்மதம், ரகசியம், கேட்கும் முறை, துக்கச் செய்தி சொல்லும் முறை, இன்ஷூரன்ஸ் தாள், கொஞ்சம் இந்தி. கடைசியில் பரீட்சை எழுத்தில் வேண்டாம். கதவைச் சாத்திவிட்டு, ஒருவருக்கு ஒரு சேதியைச் சொல்லிக் காட்டட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது

அது வருகிறபோது வரட்டும். நீங்கள் இன்றைக்கே சிலதைச் செய்யலாம்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்தவுடன், "ஏதாவது குறைன்னா யாரைப் பாக்கணும்? அவங்க பேர் என்ன?" என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எச்.ஐ.வி. சட்டப்படி 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் மருத்துவ நிலையத்தில் புகார் அலுவலர் என்று ஒருவரை நியமித்தே ஆக வேண்டும். உங்கள் சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் டாக்டர் தர வேண்டும் என்பது 2002-ம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. வாயால் கேட்காமல் எழுதிக் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். எச்.ஐ.வி. பற்றிச் சந்தேகம் இருந்தால் 1097 என்ற இலவச எண்ணில் பெயர் சொல்லாமலே பேசலாம். பொதுவான மருத்துவ ஆலோசனைக்கும் அரசு ஆஸ்பத்திரி பற்றிய புகாருக்கும் 104.

கையெழுத்துப் போடச் சொன்னால், "இது எதுக்குங்க? போடலைன்னா என்ன ஆகும்?" என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் கோபப்பட வேண்டாம். தெரிந்தவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். டாக்டர் சொன்னதை அவரிடமே ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பாருங்கள்.

அப்புறம், அடுத்த தடவை கிளம்பும்போது பழைய சீட்டு, ஸ்கேன் கவரோடு, வீட்டில் சாப்பிடுகிற சூரணம், செந்தூரம், லேகிய டப்பா எல்லாவற்றையும் அதே பையில் போட்டுக்கொண்டு போங்கள். கேட்காவிட்டாலும் எடுத்து மேஜை மேல் வையுங்கள்.